முதல் யுகுலேலே வாங்கப் போகிறீர்களா? கடையில் பார்க்க வேண்டியவை, கேட்க வேண்டியவை, ஆகும் செலவு

நாலே தந்தி, கைக்கு அடக்கமான உருவம், கிடாரைவிட விலை குறைவு. அதனால் யுகுலேலே வாங்குவதற்கு யோசிக்கவே வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் நான் ஒன்றைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியபோது கேட்டதெல்லாம் மரத்தின் பெயரும் பிராண்டின் பெயரும்தான். கருவியைக் கையில் எடுத்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. "எல்லாம் ஒண்ணுதான் சார், கலர் பார்த்து எடுங்க" என்றார் ஒரு கடைக்காரர்.

எல்லாம் ஒன்று இல்லை. ஒரே மாடல், ஒரே விலை, அடுத்தடுத்த பெட்டியில் வந்த இரண்டு கருவிகள். ஒன்று தொட்டவுடன் பேசுகிறது. இன்னொன்றில் எஃப் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் விரல் பிடி) பிடித்தால் காது கூசுகிறது. மரம் அதேதான். தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் நட், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட், கீழே பிரிட்ஜில் நிற்கும் சேடில், இந்த மூன்றையும் எவ்வளவு பொறுப்பாகப் பொருத்தினார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஐந்தாயிரம் ரூபாய்க்குள் வாங்குபவர் தரம் என்று தேட வேண்டியது இதைத்தான். இசை தெரியாதவரும் கடையில் நின்றபடியே இதைச் சோதித்துவிடலாம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் அளவை முடிவு செய்யுங்கள்

யுகுலேலேவில் நான்கு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. சொப்ரானோ சுமார் 21 அங்குல நீளம். கான்சர்ட் 23 அல்லது 24. டெனர் 26. பாரிடோன் 30 அங்குலத்தை ஒட்டி வரும்.

ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு சொப்ரானோ பொருத்தம். பெரியவர்களுக்கு என் பரிந்துரை கான்சர்ட். சொப்ரானோவில் ஃபிரெட்டுகள் நெருக்கமாக இருப்பதால், விரல் தடித்தவர்கள் டி கார்டு பிடிக்கும்போது மூன்று விரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கான்சர்ட்டில் அந்த நெரிசல் குறையும், அந்தக் குட்டிக் கருவிக்கே உரிய சத்தமும் மாறாது. ஏற்கெனவே கிடார் வாசிப்பவர் என்றால் டெனரைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று பாரிடோன். அதன் தந்திகள் டி, ஜி, பி, ஈ என்று கிடாரின் கீழ் நான்கு தந்திகளைப் போலச் சுருதி சேர்க்கப்பட்டவை. மற்ற மூன்று அளவுகளும் ஜி, சி, ஈ, ஏ. யூடியூப் பாடங்களில் பெரும்பாலானவை இந்த ஜி-சி-ஈ-ஏ முறைக்குத்தான். பாரிடோனை வாங்கிவிட்டு அந்தப் பாடத்தைப் பார்த்தால் விரல் சரியாக இருக்கும், சத்தம் வேறாக இருக்கும். இன்னொன்று கிடாலேலே. யமஹாவின் ஜிஎல்1 போன்ற இவற்றில் ஆறு தந்திகள் உண்டு. நல்ல கருவிதான், ஆனால் அது குட்டி கிடார். "பெரிய யுகுலேலே சார்" என்று யாராவது நீட்டினால் தந்தியை எண்ணிப் பாருங்கள்.

2. பட்ஜெட்டைக் கருவிக்கு மட்டும் போடாதீர்கள்

விலை கடைக்குக் கடை மாறும். அதனால் இதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பொம்மைகள். படம் வரைந்து, பளபளவென்று பெயின்ட் அடித்து அழகாக இருக்கும். சுருதி நிற்காது. குழந்தைக்குத்தானே என்று இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு சரியாக வாசித்தாலும் சரியாகக் கேட்காத கருவி, குழந்தையின் ஆசையைத்தான் முதலில் கெடுக்கும்.

இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐந்தாயிரம் வரை லேமினேட் எனும் ஒட்டுப்பலகையில் செய்தவை கிடைக்கும். கேடென்ஸ் போன்ற இந்திய பிராண்டுகள் இங்கேதான் இருக்கின்றன. இந்த வரம்பில் நல்லதும் கெட்டதும் கலந்தே வரும். கீழே சொல்லும் சோதனைகள் முக்கியமாக இந்த வரம்புக்குத்தான்.

அதற்கு மேலே பத்தாயிரத்தை ஒட்டி காலா, ஓஹானா, ஃபென்டர், ஃப்ளைட், என்யா போன்ற பிராண்டுகளின் தொடக்க மாடல்கள். காலாவின் கேஏ-15 வரிசையைப் பல நாடுகளிலும் ஆசிரியர்கள் முதல் கருவியாகச் சொல்வதுண்டு. பதினைந்தாயிரம் தாண்டினால் மேற்பலகை முழு மரமாக இருக்கும் கருவிகள் வரும். ஹவாயில் கையால் செய்யும் கமாகா போன்றவை ஆயிரம் டாலருக்கு மேல். ஹொனலூலுவில் 1916 முதல் இயங்கும் குடும்ப நிறுவனம் அது. அங்கே போகும் யோகம் வாய்த்தால் ஒன்றை வாசித்தாவது பாருங்கள். முதல் கருவியாக வாங்க வேண்டியதில்லை.

கருவியின் விலையோடு இன்னும் சில செலவுகள் சேரும். தலைப்பக்கத்தில் மாட்டிச் சுருதி பார்க்கும் கிளிப்-ஆன் ட்யூனர் முந்நூறிலிருந்து ஐந்நூறு ரூபாய். நல்ல தந்தி செட் ஐந்நூறிலிருந்து தொள்ளாயிரம். பஞ்சு வைத்த பை, கருவியோடு தராவிட்டால் ஐந்நூறுக்கு மேல். நட்டையும் சேடிலையும் சரிசெய்ய கடைக்காரர் கேட்கும் கூலி சில நூறு. அதாவது கையில் ஐந்தாயிரம் இருந்தால் கருவிக்கு மூன்றரை ஆயிரம் ஒதுக்குங்கள். மூன்றரை ஆயிரம் ரூபாய்க் கருவியை நட் சரிசெய்து, நல்ல தந்தி மாட்டி வாசித்தால், பெட்டியிலிருந்து எடுத்த ஐந்தாயிரம் ரூபாய்க் கருவியைவிட அநேகமாக நன்றாகவே இருக்கும்.

"காம்போ பேக்" என்று பை, ட்யூனர், ஸ்ட்ராப், பிக், கூடுதல் தந்தி எல்லாம் சேர்த்து விற்பார்கள். அந்த இலவசத் தந்திகளுக்கு மதிப்பே போடாதீர்கள். பையும் ட்யூனரும் உருப்படியாக இருந்தால் லாபம், அவ்வளவுதான்.

3. மரத்தைப் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம்

மஹோகனி, சபேலி, கோஆ, அகேஷியா, ஸ்ப்ரூஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: மேற்பலகை முழு மரமா, லேமினேட்டா?

முழு மரம் வாசிக்க வாசிக்கக் கனியும், சத்தமும் விரிந்து வரும். ஆனால் ஈரப்பதம் ஏறி இறங்கினால் அதற்கு ஆகாது. ஒட்டுப்பலகையான லேமினேட்டின் சத்தம் கொஞ்சம் அடக்கமாக இருக்கும். பதிலுக்கு வெயிலையும் புழுக்கத்தையும் நன்றாகத் தாங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருந்துகொண்டு ஏசி அறைக்கும் வெளிக்கும் கருவியை மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறவருக்கு, முதல் கருவி லேமினேட்டாக இருப்பதே நிம்மதி. கார்பன் ஃபைபர் கலவையில் வரும் என்யாவின் நோவா வரிசைக்கு இந்தக் கவலையும் இல்லை.

எது என்று கண்டுபிடிக்க ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரவரி அப்படியே விளிம்பின் கனத்திலும் இறங்கினால் முழு மரம். நடுவில் வேறு நிறத்தில் கோடு ஓடினால் லேமினேட். சிலர் விளிம்புக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். அப்போது மாடல் விவரத்தில் "சாலிட் டாப்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். "கோஆ" என்று மட்டும் போட்டிருந்தால் லேமினேட் கோஆ என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழு கோஆ மரம் என்றால் அதைச் சொல்லாமல் யாரும் விற்க மாட்டார்கள்.

4. கடைக்குக் கிளம்பும் முன்

எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவு காட்டும் ட்யூனர் ஆப் உள்ள போன், ஒரு சின்ன இஞ்ச் டேப், ஒரு துண்டுக் காகிதம். இடதுகை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். நகம் நீளமாக இருந்தால் தந்தியை அழுத்தவே முடியாது.

வார நாளில் காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். சனி, ஞாயிறு மாலையில் பக்கத்தில் ஒருவர் டிரம்ஸைச் சோதித்துக்கொண்டிருப்பார், உங்கள் காதில் எதுவும் விழாது. சென்னையில் என்றால், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இருக்கும் அண்ணா சாலையிலிருந்து ஆரம்பிக்கலாம். எந்த ஊராக இருந்தாலும் போவதற்கு முன் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். கான்சர்ட் அளவில் எத்தனை மாடல் இருக்கிறது? வாசித்துப் பார்க்க விடுவீர்களா? நட், சேடில் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் கம்பெனியிலேயே பண்ணி வரும்" என்று பதில் வந்தால், அங்கே சரிசெய்ய ஆள் இல்லை என்று அர்த்தம்.

5. வாசிக்கும் முன் கண்ணால், கையால்

தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, பில்லியர்ட்ஸ் குச்சி நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, கழுத்து நெடுகப் பாருங்கள். வளைவோ முறுக்கோ தெரிந்தால் வைத்துவிடுங்கள். யுகுலேலே பலவற்றில் கழுத்தை நிமிர்த்தும் ட்ரஸ் ராடு கிடையாது. வளைந்தது வளைந்ததுதான்.

அடுத்து, கழுத்தின் இரண்டு ஓரங்களையும் விரலால் மேலிருந்து கீழே தடவுங்கள். ஃபிரெட் கம்பியின் முனை குத்தினால், வாசிக்கும்போதும் அதே இடத்தில் குத்தும். ஒன்றிரண்டு என்றால் அரம் போட்டுச் சரிசெய்யலாம். எல்லாமே குத்துகிறது என்றால் செய்தவர் அக்கறையாகச் செய்யவில்லை, அல்லது கழுத்துப் பலகை காய்ந்து சுருங்கியிருக்கிறது.

பிரிட்ஜின் பின் விளிம்பில் காகிதத்தின் மூலையைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பிசின் விட ஆரம்பித்துவிட்டது. தந்தியின் இழுவிசை முழுவதும் அந்த ஒட்டில்தான் நிற்கிறது, எனவே பேரத்துக்கே இடமில்லை. வேறு கருவி கேளுங்கள். தந்தியை முறுக்கும் ட்யூனர் குமிழ்களைத் திருப்பும்போது கரகரக்கக் கூடாது, திருப்பாதபோது ஆடவும் கூடாது. போன் டார்ச்சை ஒலித்துளைக்குள் அடித்து, உள்ளே பிசின் வழிந்திருக்கிறதா, ஏதாவது சட்டம் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேற்பலகையை விரலால் லேசாகத் தட்டினால் கிடுகிடு என்று கேட்கக் கூடாது.

6. நட்டைச் சோதியுங்கள். நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இதுதான்

முதலில் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது ஆப்பை வைத்து நீங்களே சேருங்கள். மேலிருந்து கீழாக ஜி, சி, ஈ, ஏ. வழக்கமான யுகுலேலேவில் மேலே இருக்கும் ஜி, அடுத்துள்ள சியைவிடக் கூர்மையான சத்தம். தாழ்ந்த ஜி தந்தி மாட்டிய கருவிகளும் உண்டு, ஆனால் புதிதாக விற்பனைக்கு வருபவற்றில் அது குறைவு.

இப்போது ஒவ்வொரு தந்தியையும், நட்டிலிருந்து எண்ணி, இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுக்கு நடுவே அழுத்திப் பிடியுங்கள். அப்படியே முதல் ஃபிரெட் கம்பியின் மேலே தந்திக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். காகிதத் துண்டு நுழையும் அளவுக்கு மெல்லிய இடைவெளி இருந்தால் நட் அருமையாக வெட்டப்பட்டிருக்கிறது. விசிட்டிங் கார்டு தாராளமாக நுழையும் அளவுக்கு இருந்தால் நட் உயரம். இடைவெளியே இல்லாமல் தந்தி கம்பியில் படிந்து கிடந்தால் நட் தாழ்வு. அழுத்தாமல் மீட்டினாலே இரையும்.

நட் உயரமாக இருந்தால் இரண்டு தொல்லை. விரல் வலிக்கும். அதைவிட மோசமானது, முதல் ஃபிரெட்டில் அழுத்தும்போது தந்தி அதிகமாகக் கீழே இழுபடுவதால் சுருதி ஏறிவிடும். அழுத்தாத தந்திகள் எல்லாம் ட்யூனரில் பச்சை காட்டும். கார்டு பிடித்தால் மட்டும் அபஸ்வரம். புதிதாகக் கற்பவர்கள் தங்கள் விரலில்தான் கோளாறு என்று நினைத்து வாரக்கணக்கில் போராடுவது இதனால்தான்.

கண்ணை நம்ப வேண்டாம் என்றால் ஆப்பை நம்பலாம். ஈ தந்தியை முதல் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். எஃப் காட்ட வேண்டும். ஐந்து, ஆறு சென்ட் தள்ளி இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். பதினைந்து, இருபது சென்ட் மேலே ஓடினால் நட் உயரம் என்பது உறுதி. நான்கு தந்தியிலும் இதையே செய்யுங்கள். சி தந்தி தடிமன் என்பதால் அதில்தான் இந்தக் கோளாறு அதிகமாகக் கண்ணில் படும்.

நட் உயரம் என்பதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டாம். நட் அரம் உள்ள ஆள் அரை மணி நேரத்தில் பள்ளத்தை ஆழப்படுத்தித் தந்துவிடுவார். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் செய்து வாங்குங்கள். பில் போட்ட பிறகு "அடுத்த வாரம் வாங்க" என்று ஆரம்பித்தால் அந்த அடுத்த வாரம் வரவே வராது. இதை நானே பட்டிருக்கிறேன். வீட்டில் சாதாரண அரத்தை வைத்து நீங்களே ராவப் போகாதீர்கள். உயரத்தைக் குறைப்பது சுலபம், அளவு தாண்டிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டும்.

தந்தியின் உயரத்தை 12வது ஃபிரெட்டிலும் பாருங்கள். கம்பியின் மேலிருந்து தந்தியின் அடிவரை இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இருந்தால் சௌகரியம். அதற்கு மேல் இருந்தால் சேடிலைக் கழற்றி அடிப்பக்கம் தேய்ப்பார்கள். 12வது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். சேடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு மட்டமாகத் தேய்ந்திருந்தால் இதற்கு வழியில்லை.

7. 12வது ஃபிரெட்: இங்கே தவறினால் வாங்கவே வேண்டாம்

தந்தியின் நீளத்தில் சரிபாதி 12வது ஃபிரெட். அங்கே அழுத்தி மீட்டினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். ஏ தந்தி என்றால் மறுபடியும் ஏ. நான்கு தந்தியிலும் ஆப்பை வைத்துப் பாருங்கள். பத்து சென்டுக்குள் இருந்தால் முதல் கருவிக்குத் தாராளம். இருபதைத் தாண்டினால் யோசியுங்கள்.

ஒரு தந்தி மட்டும் விலகினால் குற்றம் பெரும்பாலும் அந்தத் தந்தியில். ஷோரூமில் தொங்கும் கருவிகளின் தந்தி பழசாகிக் கிடப்பது சகஜம். நான்கும் ஒரே பக்கம், அதுவும் ஒரே அளவில் விலகினால் பிரிட்ஜே தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யப் போனால் கருவியின் விலையைத் தாண்டிவிடும்.

சந்தேகமாக இருந்தால் டேப்பை எடுங்கள். நட்டிலிருந்து 12வது ஃபிரெட் கம்பிவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கம்பியிலிருந்து சேடில்வரை. இரண்டாவது அளவு சமமாகவோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகவோ இருக்க வேண்டும். கான்சர்ட் யுகுலேலேவில் முதல் அளவு சுமார் 19 சென்டிமீட்டர் வரும். இரண்டாவது அளவு குறைந்தால் அந்தக் கருவியை எந்த ஆசானாலும் சுருதியோடு வாசிக்க முடியாது. மலிவுக் கருவிகள் தோற்பது அநேகமாக இந்தச் சோதனையில்தான்.

கடைசியாக, நான்கு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக 12 வரை அழுத்தி மீட்டிக்கொண்டே போங்கள். எங்காவது இரைகிறதா, இரண்டு ஃபிரெட்டில் ஒரே சுரம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கடைக்காரர் பொறுமை இழக்கலாம். இழக்கட்டும். பிறகு அவரையே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி நீங்கள் நாலடி தள்ளி எதிரே நில்லுங்கள். யுகுலேலேவின் சத்தம் முன்பக்கமாகப் போவதால், வாசிப்பவர் காதுக்குக் கேட்பது பாதிதான்.

இடதுகைக்காரர்கள் தந்தியை மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் சி, ஈ தந்திகளின் தடிமன் வேறு வேறு என்பதால் நட்டின் பள்ளங்களையும் மாற்ற வேண்டியிருக்கும். அதையும் கடையிலேயே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

8. பில், வாரன்டி

துண்டுச்சீட்டில் எழுதித் தரும் கணக்கை ஏற்காதீர்கள். ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் வேண்டும். அதில் "யுகுலேலே - 1" என்று மட்டும் இருந்தால் போதாது. பிராண்ட், மாடல் எண், உள்ளே லேபிளில் சீரியல் எண் இருந்தால் அதுவும் ஏறியிருக்க வேண்டும். பின்னாளில் "இது நாங்க வித்த பீஸ் இல்லையே" என்ற பேச்சு வராமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

வாரன்டி சீட்டில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். எதற்கெல்லாம் வாரன்டி என்று வாய்விட்டுக் கேளுங்கள். தந்திக்கு வழக்கமாகக் கிடையாது. வெயில், ஈரத்தால் வந்த விரிசலுக்கும் கிடையாது. பிரிட்ஜ் பெயர்வது, கழுத்து வளைவது, ட்யூனர் பல் போவது, இவற்றுக்கு உண்டா, எத்தனை மாதம், கருவியை யார் அனுப்பிவைப்பது என்பதுதான் கேள்வி. இறக்குமதிப் பெட்டியில் எம்ஆர்பியும் தயாரித்த நாடும் அச்சாகியிருக்கும். ஒட்டின ஸ்டிக்கரின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தால் விலையைத் திரும்பப் பேசலாம்.

பழைய கருவி வாங்குவதாக இருந்தாலும் விற்பவரிடம் முதல் பில்லின் படத்தைக் கேளுங்கள். சோதனைகள் எல்லாம் அப்படியே பொருந்தும். பிரிட்ஜ் ஒட்டை மட்டும் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். ஸ்டீல் தந்தி மாட்டி வைத்திருந்தால் வாங்காதீர்கள். யுகுலேலே நைலான் போன்ற மென்தந்திக்கென்று கட்டப்பட்டது, ஸ்டீலின் இழுவிசைக்கு மேற்பலகையும் பிரிட்ஜும் தாங்காது.

9. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால்

உங்கள் ஊரில் கடை இல்லையென்றால் வேறு வழியில்லை. பயப்படவும் வேண்டாம். ஆனால் விலையைப் பார்ப்பதற்கு முன் ரிட்டர்ன் விதியைப் படியுங்கள். "ரீப்ளேஸ்மென்ட் மட்டும்" என்பதும் "பணம் திரும்ப" என்பதும் வேறு வேறு. அடுத்து வரும் பீஸிலும் நட் உயரமாக இருந்தால் ரீப்ளேஸ்மென்ட்டால் என்ன பயன்? பண்டிகை ஆஃபர் சமயத்தில் விலை இறங்கும். அதே சமயம் டெலிவரியும் ரிட்டர்னும் தாமதமாகும். அந்த நாட்களில் ஊரில் இருப்பீர்களா என்று பார்த்து ஆர்டர் போடுங்கள்.

பார்சல் வந்ததும் பெட்டியின் முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, நிறுத்தாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். அன்றைக்கே 5, 6, 7 படிகளில் உள்ள சோதனைகளைச் செய்துவிடுங்கள். "தந்தி செட் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். ஏழு அல்லது பத்து நாள் ரிட்டர்ன் காலம் அதற்குள் ஓடிவிடும். புதுத் தந்தி இளகினாலும், ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துவிட்டு உடனே 12வது ஃபிரெட்டைப் பார்த்தால் விடை சரியாகவே கிடைக்கும். ரிட்டர்ன் காலம் முடியும்வரை பெட்டியையும் தெர்மோகோலையும் எறியாதீர்கள்.

குறையை எழுதும்போது "சவுண்ட் சரியில்லை" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். "12வது ஃபிரெட்டில் நான்கு தந்தியும் 30 சென்ட் கூடுதல், ட்யூனர் படம் இணைப்பில்" என்று எழுதுங்கள். அப்படியும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். பில், ஆர்டர் எண், வீடியோ, நீங்கள் அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

10. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

புது நைலான் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சேர்த்த சுருதி மதியம் இறங்கியிருக்கும். ஒரு வாரம், சில செட்டுக்குப் பத்து நாள், இப்படித்தான். கருவியில் கோளாறு இல்லை. தினமும் எடுக்கும்போதெல்லாம் சேருங்கள், ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெல்ல மேலே இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். சீக்கிரம் படியும்.

ட்யூனர் சுரத்தின் பெயரை மட்டும் காட்டும், ஸ்தாயியைக் காட்டாமல் விடலாம். அதனால் ஏ தந்தியை ஒரு ஸ்தாயி மேலே முறுக்கி அறுப்பவர்கள் உண்டு. ஏ-க்கு 440 ஹெர்ட்ஸ், ஈ-க்கு 330, சி-க்கு 262, ஜி-க்கு 392 என்று ஒரு சீட்டில் எழுதி பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆப்பில் ஹெர்ட்ஸ் தெரியும்.

சித்திரை வெயிலில் பூட்டிய காரில் கருவியை விடவே கூடாது. பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பிசின் அந்தச் சூட்டில் இளகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஈரம் ஏறும் வெளிச்சுவரில் ஆணி அடித்துக் கருவியைத் தொங்கவிடாதீர்கள். கடற்கரையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் வாசித்து முடித்ததும் ட்யூனர் குமிழ், ஃபிரெட் இரண்டையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். உப்புக்காற்றில் துரு பிடிப்பது முதலில் அவைதான்.

கருவியோடு வந்த தந்திகள் மந்தமாகக் கேட்டால், ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகு மாற்றுங்கள். அக்விலா போன்ற பிராண்டின் செட், அல்லது ஃப்ளூரோகார்பன் எனும் செயற்கை இழையில் செய்த செட், உங்கள் கருவியின் அளவுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். சொப்ரானோ செட் டெனருக்கு ஆகாது. ஒரு தந்தியைக் கழற்றி, அங்கே புதியதை மாட்டி, சுருதிக்குக் கிட்டே கொண்டுவந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று முன்கூட்டியே ஒரு படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது திணற வேண்டியதில்லை. கழற்றிய பழைய ஏ தந்தியைச் சுருட்டிப் பையில் போட்டு வையுங்கள். அடிக்கடி அறுவது அதுதான், நீங்கள் இருக்கும் ஊரில் அன்றைக்குத் தந்திக் கடை திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.